பெரியப்பா எடுத்த பெரட்டு

அன்றைக்குப் படம் பார்க்கப் போனவர்கள் அப்பா, அம்மா, அண்ணன், நான், அம்மாவின் இடுப்பில் தங்கச்சி. அவ்வளவுதான். எங்கள் வீட்டிலிருந்து வேறு யாரும் போகவில்லை. பெரியப்பா வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். பிறகு வந்த குழப்பமெல்லாம் இந்த ஆள் கணக்கில்தான் வந்தது.

பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர். கல்யாணம் கட்டாமல் எங்களோடுதான் இருந்தார். புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். விடியுமுன்னே ஆபீஸ் முன்னால் பெரட்டு நடக்கும். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பெயர் பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் குரல் கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போகவேண்டும். பெரியப்பா அந்தப் பெரட்டை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கோயிலுக்குப் போனாலும் சரி, சுங்கை பட்டாணிக்கு பஸ் ஏறினாலும் சரி, கிளம்பும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை எங்களை நிறுத்திவைத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். பேசத் தெரியாத தங்கச்சிக்கு அம்மா குரல் கொடுக்கவேண்டும். எங்கள் வீட்டு வரிசையான லயத்துப் பையன்கள் அண்ணனைப் பார்த்து, "உங்க வீட்டுக் கிராணி இன்னிக்கு யாருக்குப் பேர் போடல?" என்று கேலி பண்ணுவார்கள். அண்ணனுக்கு அழுகை வந்துவிடும்.

இன்னொரு குணமும் அவருக்கு உண்டு. சும்மா கிடைப்பது எதையும் தொடமாட்டார். கடைக்காரச் சீனர் என் கையில் ஒரு மிட்டாயைத் திணித்தால், பெரியப்பா திரும்ப நடந்துபோய் அதற்குக் காசு வைத்துவிட்டு வருவார். சீனருக்கும் அவருக்கும் இதனால் சண்டையே வந்திருக்கிறது. இத்தனைக்கும் சொந்தச் செலவில் ஒரு வெற்றிலைக்கு மேல் வாங்காத மனிதர். அவர் முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் நுழையும் அளவுக்குக் குழி இருந்தது. கேட்டால் நாய் கடித்தது என்பார். பெரிய நாயாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, குடிக்கிற சாக்லேட் மாவு விற்கும் ஒரு கம்பெனியின் லோரி தோட்டத்துக்குள் வந்தது. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் படம் காட்டுவார்களாம், ஆளுக்கு ஒரு மங்கு பானமும் தருவார்களாம். நான் அதுவரை படமே பார்த்ததில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறு என்ன இருக்கமுடியும்? காலையிலிருந்தே என் தகரக் குவளையை, அந்த மங்கை, கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை வந்துவிடுமோ, லோரி பழுதாகிவிடுமோ, என் முறை வருவதற்குள் பானம் தீர்ந்துவிடுமோ என்று ஒவ்வொன்றாகக் கவலைப்பட்டேன். பெரியப்பாவைப் பற்றி மட்டும் கவலைப்பட மறந்துவிட்டேன்.

"காசு கேக்கலியா?" என்றார் அப்பாவிடம்.

"இல்லண்ணே. சும்மாதான் காட்டுறாங்களாம்."

"அதான் கேக்கிறேன். ஏன் கேக்கல?"

அம்மா உள்ளேயிருந்து, கொடுக்கிறவனுக்கு மனசு இருக்கிறது கொடுக்கிறான், இதுக்குக்கூடவா பஞ்சாயத்து என்று பாத்திரத்தோடு பேசுவதுபோலப் பேசினார்.  அப்பாதான், பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், நானும் கூடப் போகிறேன், நானே எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். பெரியப்பா பெரட்டு எடுத்தார். எங்களை விட்டுவிட்டார்.

பள்ளிக்கூடம் என்றால் ஒரே நீளமான அறை. ஒரு கதவு, பலகை ஜன்னல்கள். பகலில் படம் தெரியவேண்டுமே, ஜன்னல்களைச் சாத்தி மேலே கோணி மாட்டினார்கள். பானத்தை முதலிலேயே ஊற்றிவிட்டார்கள். என் முறை வரும்வரை தீரவில்லை. ஒரு பாட்டு ஓடியது. அம்மா சிரித்ததை அன்றுதான் அவ்வளவு சத்தமாகக் கேட்டேன். கதவு காற்றில் திறந்து திறந்து வெளிச்சம் உள்ளே வந்ததால், கம்பெனி ஆள் அதைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வெளியே கரண்டுக்காக லோரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியப்பா வீட்டில் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் பின்னாலேயே வந்து, எதிரே மாமரத்தடியில் நின்றிருக்கிறார். கதவு சாத்தியதையும் பார்த்திருக்கிறார், லோரி எஞ்சின் சத்தத்தையும் கேட்டிருக்கிறார்.

முதலில் கதவைத் தட்டியிருக்கிறார். பாட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அப்புறம் பலகை பிளக்கிற சத்தம். பால்வாளி சுமக்கிற காண்டாக் கம்பால் கதவை உடைத்துக்கொண்டு அவர் நின்றார். பின்னாலிருந்து வெயில் அப்படியே உள்ளே கொட்டியது. திரைத் துணியில் ஆடிக்கொண்டிருந்த பெண் கரைந்து காணாமல் போனாள். பாட்டு மட்டும் தனியாக ஓடியது.

கூட்டத்தில் ஆளாளுக்குத் திட்டினார்கள். பெரியப்பா யாரையும் பார்க்கவில்லை. அண்ணன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார், என்னை இழுத்தார், அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார், வந்துடும்மா என்று. மாமரத்தடியில் நிறுத்திவைத்துப் பெரட்டு எடுத்தார். எல்லாரும் குரல் கொடுத்தோம். முடிந்தது என்று நினைத்தேன். அவர் நகரவில்லை. கம்பைக் கீழே போடாமல் உடைந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் வந்தாச்சுண்ணே. வாங்க போலாம்," என்றார் அப்பா.

"இன்னும் ஒருத்தன் உள்ள இருக்கான்."

வாசலில் நின்ற பால் வெட்டுக்காரர் ஒருவர், "படத்துல கதாநாயகன்தான் இருக்கான் அண்ணே, அவனையும் கூட்டிட்டுப் போயிடுங்க, எங்கள நிம்மதியா உடுங்கலா," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. இப்படியா ஒரு மனிதருக்கு எண்ணத் தெரியாமல் போகும்?

அப்பா சிரிக்கவில்லை. திரும்ப உள்ளே போனார். கொஞ்சநேரம் உள்ளேயே இருந்துவிட்டு வெளியே வந்து பெரியப்பாவின் கையிலிருந்த கம்பை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"அவன் முன்னாடியே வீட்டுக்குப் போயிட்டானாம்ண்ணே. நாமளும் போலாம்."

பெரியப்பா அதற்குப் பிறகுதான் நடந்தார். பொய் சொன்னால் வாயில் மிளகாய் தேய்க்கும் அப்பா யாரைச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. கதவுக்கான காசைக் கிராணி பெரியப்பாவின் சம்பளத்தில் பிடித்தார். 

பல வருஷம் கழித்து, பெரியப்பா காலமான பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். ஜப்பான்காரன் காலத்தில் அவர்கள் இருந்த தோட்டத்திலும் சும்மா படம் காட்டுவதாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா அப்போது கைக்குழந்தை. இருவருக்கும் நடுவில் எனக்கு இன்னொரு பெரியப்பா இருந்திருக்கிறார். வேண்டாம் என்றவரைப் பெரியப்பாதான் வாடா வாடா என்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். பாதிப் படத்தில் கதவைப் பூட்டினார்கள். திறந்தபோது வாசலில் லோரி. லோரியிலிருந்து ரயில், ரயிலிலிருந்து சயாம் காடு, தண்டவாளம் போடும் வேலை. காலில் அந்தப் புண் குழியோடு பெரியப்பா மட்டும்தான் திரும்பி வந்தார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பெரிய விளக்கமெல்லாம் சொல்லத் தெரியாது. ஆனால் கல்யாண மண்டபத்தில் நான் கதவோரமாகத்தான் உட்காருவேன். பிள்ளைகள் வெளியே போனால் யார் யார் போகிறீர்கள் என்று கேட்காமல் என்னால் இருக்கமுடியாது. அவர்கள் சலித்துக்கொள்வார்கள். அந்தச் சலிப்பு எனக்குப் பழக்கமானதுதான்.

படம் காட்டிய மறுநாள், திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போய்விட்டேன். ராத்திரி தூக்கமே இல்லை, உள்ளே நிஜமாகவே யாராவது மாட்டிக்கொண்டிருந்தால்? பெஞ்சுகளுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். கரும்பலகைக்குப் பின்னால் பார்த்தேன். கழற்றிப் போட்ட கோணிகளைக்கூடத் தூக்கிப் பார்த்தேன். நான் விட்டுவிட்டு வந்த மங்கு மட்டும் ஒரு மூலையில் கிடந்தது.

மத்தியானம் பெரியப்பா பாலை எடை போட்டுவிட்டு வருவதற்காக லயத்து முனையிலேயே காத்திருந்தேன். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"நான் தேடிப் பாத்துட்டேன் பெரியப்பா. உள்ள யாருமே இல்ல."

அவர் வாளிகளைக் கீழே இறக்கி வைத்தார்.

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்."

"சரி," என்றார். என் தலையில் கை வைத்தார். ரப்பர் பால் வாசம் அடித்தது. பிறகு வாளிகளை எடுக்க மறந்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அவருக்கு நல்ல சேதி சொல்லிவிட்ட சந்தோஷத்தில், நான் காலி வாளிகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.