மூன்று சைக்கிளும் மூன்று தயிர்ச் சட்டியும்

சைக்கிள் பார்க்கப் போன பயணத்தை அறிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அடுப்பில் வேலை இல்லையா? சரி, வந்துவிட்டீர்கள். கேளுங்கள்.

காலை ஆறு மணிக்குக் கல்முனையில் புறப்பட்டோம். என் மகள் ரிஸ்வானா சவளக்கடையில் படிப்பிக்கிறாள். கல்லும் குழியுமான கிரவல் ரோட்டில் பழைய சைக்கிள் மிதித்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. குலுங்காத சைக்கிள் கிடைக்காவிட்டால் வேலையை விடுவதாகச் சொல்லியிருந்தாள். கடைக்காரர் நவாஸ் இரும்பில் ஒன்று, அலுமினியத்தில் ஒன்று, காபனில் ஒன்று என மூன்றை, அந்த ரோட்டிலேயே ஓட்டிப் பார்க்க, தன் சின்ன லொறியில் ஏற்றி வந்தார்.

கிட்டங்கிப் பாலத்தில் பனி. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. லொறி நடுவில் மிதந்தது. நான் தூங்கிவிட்டேன் போலும். கொக்குகள் சைக்கிள் ஓட்டின.

ஏழு மணிக்குச் சவளக்கடை. எருமைத் தயிர் மூன்று சட்டி வாங்கினேன், சட்டி ஐந்நூறு ரூபா.

“என்னத்துக்கு உம்மா இவ்வளவு தயிர்?”

“உன்ட கை பொய் சொல்லும், தயிர் சொல்லாது. குலுங்கினா உடைஞ்சிடும். கைப்பிடியில கொழுவு.”

வாய்க்கால் ஓரக் கிரவலில் போய் வந்தாள். இரும்பில் தயிர் உடையவில்லை. “ஆனா சரியான கனம் உம்மா. கடல் காத்துக்குத் துருவும் பிடிக்கும்.” அலுமினியத்தில் தயிர் மோராகிவிட்டது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். காபனில் தயிர் அசையவே இல்லை.

“பாத்தீங்களா உம்மா? காபன் குலுக்கத்தைக் குடிச்சிடும்” என்றார் நவாஸ். விலை அலுமினியத்தைப்போல் மூன்று மடங்கு. மகளின் முகம் வாடிவிட்டது.

நான் டயர்களை அமுக்கிப் பார்த்தேன். காபனுடையது பழுத்த மாம்பழம். அலுமினியத்துடையது கருங்கல்.

“மகன் நவாஸ், இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு காத்து?”

“மறந்து போய் அடிச்சிட்டன் உம்மா.”

“மறந்தா காத்துக் குறையும் வாப்பா. கூடுமா?”

அவர் குனிந்து காற்றைத் திறந்துவிட்டார். தயிர் உடையாத சட்டி ஒன்றை அலுமினியத்தில் கொழுவினோம். இம்முறை தயிரின் ஓரத்தில் ஒரு கீறல்தான். காபன் இன்னும் கொஞ்சம் மெத்தென்றுதான் ஓடியது, மறுக்கமாட்டேன். ஆனால் மகள் இறங்கவே இல்லை. திரும்பி வந்தவள் எங்களைக் கடந்து, பச்சை வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தாள். தூரத்தில் வலது கையைத் தூக்கி ஆட்டினாள். வீடுவரை லொறி அவளுக்குப் பின்னால்தான் வந்தது.

பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

“அலுமினியமா வாங்கின? அது குலுக்குமே லாத்தா!”

“ஓம், குலுக்கும். காத்தைக் கொஞ்சம் குறைச்சா குலுக்காது. நவாஸுக்கு மட்டும் சொல்லிராதீங்க. பாவம், அவனுக்குத் தெரியாது.”