நூறு சதவீதத்தை நம்பாத ரஹ்மத் அக்கா

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: நமது தாராவி கிளினிக்கின் ஏசி ரிமோட் செவ்வாய்க்கிழமை காலை காலமானது. நம் கிளினிக் வாட்ஸ்அப் குழுவில் இதை நான் விளையாட்டாக அனுப்பிய மறுநிமிடம், கோவண்டியிலிருந்து ரஹ்மத் அக்காவின் தம்பி எழுதினார். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார், மாரடைப்பு. என் அறிவிப்பை அழிப்பதற்குள் குழுவில் இருக்கும் நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள்.

பன்னிரண்டாவது முடித்த கையோடு வந்த எனக்கு, நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை. அதிலிருந்து மாத அறிக்கை வரும்படி, யாரை எப்படி எண்ணுவது என்ற அளவீடுகளை அமைப்பது அக்காவின் வேலை. "அளவீடு அக்கா, உங்க வீடு எந்தப் பக்கம்?" என்பேன். "வாயாடி, அளந்து பேசுல" என்பார்.

அந்த மழைக்கால வெள்ளிக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். இரத்த அழுத்தம் கூடிய கர்ப்பிணிகளில் எத்தனை பேரை ஒரு வாரத்துக்குள் மறுபடி பரிசோதித்தோம் என்ற அறிக்கை ஐந்து மணிக்குள் போக வேண்டும். திரையில் நூறு சதவீதம். டாக்டர் சமோசா வாங்கச் சொன்னார். அக்கா மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"நூறாம்ல! பாதி தாராவி தண்ணியில கெடக்கு, எல்லாரும் வந்துட்டாளுவளாக்கும்?"

அறிக்கையின் அமைப்பைக் கணினியில் திறந்தார். மறுபடி வந்தவர்களை மட்டுமே மொத்தத்தில் சேர்க்கும்படி ஒரு கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. வராதவர்கள் கணக்கிலேயே இல்லை. அதை எடுத்ததும் சதவீதம் சரிந்தது. ஆறு பெயர்கள் வந்து நின்றன.

"அரே, இதை அனுப்பினா பணம் தர்ற டிரஸ்ட்காரங்க நம்மைக் கேப்பாங்களே!" என்றார் டாக்டர்.

"கேக்கட்டும் டாக்டர். மொதல்ல இவளுவளை நாம கேப்போம்."

சரிந்த எண்ணையே அனுப்பிவிட்டுப் போனை எடுத்தார். ஐந்து பேர் பேசினார்கள். ஆண்டாப் ஹில்லில் இருக்கும் செல்வி மட்டும் எடுக்கவில்லை. எட்டாம் மாதம். திரும்பத் திரும்ப அடித்தோம்.

"எந்திரில, நேர்ல போவோம்."

பஸ் நகரவில்லை. இறங்கி முழங்கால் தண்ணீரில் அவள் வீட்டுக்கு நடந்தோம். செல்வி தலையைப் பிடித்தபடி சுவரோடு சாய்ந்திருந்தாள். "கண்ணு மங்குதுக்கா." ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஆட்டோவில் அக்கா அவள் கையை விடவில்லை. "தூங்காத புள்ள. என்ன பேரு வைக்கப் போற? சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மறுநாள் பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

"நம்பர் அழகா இருந்தா, அதுக்கு வெளிய நிக்கது யாருன்னு பாருல" என்பார் அக்கா. அதை நான் வைத்துக்கொண்டேன். இப்போது எந்த அறிக்கையிலும் முதலில் வராதவர்களின் பெயர்களைத்தான் பார்க்கிறேன்.

அந்தத் தவறைக் கண்டுபிடித்தவன் நான் என்று அன்று அறையில் இல்லாத உங்களில் பலரிடம் பீற்றியிருக்கிறேன். இல்லை. அறிக்கை அழகாக வரட்டும், சீக்கிரம் கிளம்பலாம் என்று அந்த டிக்கைப் போட்டவனே நான்தான். மாற்றியவர் பெயர் அக்காவின் திரையில் தெரிந்தது. "யார் பண்ணினது?" என்று டாக்டர் கேட்டபோது, "அதுக்கு இப்ப நேரமில்ல" என்றார். அப்புறமும் அதற்கு அவர் நேரம் ஒதுக்கவில்லை. இத்தனை வாய் இருந்தும் நானும் அதைத் திறக்கவில்லை.