உருண்டை மாமா எடுத்த சமையல் புத்தகம்

உருண்டை மாமா! இன்று லைப்ரரியில் உன் மானம் கப்பலேறப் பார்த்தது!

(குழுவில் இருப்பவர்களுக்கு: உருண்டை மாமா என்பது என் வீட்டுக்காரர் ஏகாம்பரம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. போன ஆடியில் டூட்டியிலேயே நெஞ்சு வலி வந்து போய்விட்டார். நான் கன்னியம்மா. எங்கள் ஊர் லைப்ரரியில் பெருக்கித் துடைக்கிறேன். படிப்பு ஐந்தாவது. ஒரு விரலால் அடிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

லைப்ரரிக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு மாதம் ஆகிறது.

நூலகர் குணசேகரன் சார் ஒவ்வொரு புத்தகமாக அதில் ஏற்றுகிறார். புத்தகத்தின் பெயர், எழுதியவர், எத்தனை பக்கம் எல்லாம் மேலாபீஸிலிருந்தே வந்துவிட்டது. கீழே ஒரு கட்டம் மட்டும் காலி. மேலே "உள்ளூர்க் குறிப்பு" என்று போட்டிருக்கிறது.

"இது இன்னாத்துக்கு சார்?"

"இதே புக்கு மத்த லைப்ரரியிலயும் இருக்கும். நம்ம புக்குக்கு மட்டும் எதுனா சேதி இருந்தா இதுல போடணும்மா. யாரு குடுத்தது, எங்க கிழிஞ்சிருக்கு, அந்த மாரி."

சேதியா! தினமும் தூசி தட்டுகிறவள் நான். சாரை விட எனக்குத்தான் தெரியும்!

"சார், இந்தத் துப்பறியும் கதையில மொதப் பக்கத்துலயே எவனோ பேனாவால 'கொன்னது டாக்டர்தான்'னு எழுதி வெச்சிக்கிறான்."

சார் யோசித்து அடித்தார்: "முதல் பக்கத்தைப் பார்க்க வேண்டாம்."

கொஞ்ச நேரத்தில் முருகேசன் வந்தார். திருநெல்வேலிக்காரர், கம்பெனி ஒன்றில் ஏ ஷிஃப்ட். கம்ப்யூட்டரைப் பார்த்தார், அலமாரிக்குப் போனார், போன வேகத்தில் திரும்பினார்.

"எக்கா, பாக்க வேண்டாம்னு போட்டிருந்தியளா, மொத வேலையா அதத்தான பாத்தேன்! இனி என்னத்தப் படிக்க?"

(தப்பு எங்கள் மேல்தான்!)

மண்வளம் பற்றிய புத்தகத்துக்கு நான் சொன்னது: "புதுசாவே கீது சார். ஊரே நெலத்த கம்பெனிக்கு வித்தப்புறம் எவனும் தொடல." அதையும் ஏற்றினார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போகும்போதுதான் ஒரு சமையல் புத்தகத்தின் முறை வந்தது. அலமாரியில் இல்லை. எடுத்தவர் கார்டை சார் தேடிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார்.

"கன்னியம்மா, இது உங்க வூட்டுக்காரர் எடுத்தது."

"எங்க வூட்டுக்காரரா? சமையலா? சார், அந்த ஆளுக்கு உப்பு டப்பா எதுன்னே தெரியாது! பேப்பர் படிக்கிறேன்னு இங்க வந்து ஃபேனுக்கு அடியில தூங்கிகினு இருந்த மனுசன்!"

"கையெழுத்து கீதேம்மா."

இருந்தது. எப்பவும் போல அழுத்திக் குத்தின கடைசிப் புள்ளி கார்டையே ஓட்டை போட்டிருந்தது. அவரேதான்.

சார் தயங்கித் தயங்கிக் கட்டத்தில் அடித்தார்: "எடுத்தவர் ஏகாம்பரம். திருப்பித் தரவில்லை."

"இது இப்படியே இருக்குமா சார்?"

"நாளைக்கு சிடி மேலாபீஸ் போவுது. அப்புறம் நான் மாத்த முடியாது. யாரு தேடினாலும் வரும்."

செத்துப்போன மனுஷருக்கு எதிர்த்துப் பேச வாய் ஏது? ஊரான் பொருளில் ஒரு ஊசியைக்கூட எடுக்காதவர்!

"சாயந்தரம் வரைக்கும் டைம் குடுங்க சார்!" துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

வீடு முழுக்கத் தேடினேன். மிச்சம் ஒரே இடம். கம்பெனியிலிருந்து கொடுத்தனுப்பிய அவருடைய டூட்டி பை. வந்த அன்றைக்கே பரண்மேல் போட்டதுதான், பிரிக்கவே இல்லை.

இறக்கினேன். ஜிப்பைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. (அதைப் பற்றி எழுதப் போவதில்லை.)

விசில், டார்ச், கழுவின டிபன் பாக்ஸ். அதற்கடியில் புத்தகம்.

பிரித்தால், பக்கத்துக்குப் பக்கம் பென்சில்!

ரசம்: "கன்னி வைக்கிறதுதான் மேல்."

மீன் குழம்பு: "நூத்துக்கு நூறு."

உப்புமா: "அவளுக்கு வராது. சொன்னா அடிப்பா."

சாம்பார்: "இருபது வருஷமா சொல்லாம சாப்புடுறேன்."

அடப்பாவி! தட்டில் எதைப் போட்டாலும் "நல்லாக்கீது புள்ள" என்று சொன்ன மனுஷர், கேட்டில் உட்கார்ந்து எனக்கு மார்க் போட்டிருக்கிறார்!

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அஞ்சலை ஓடி வந்தாள். "இன்னாக்கா, அழுவுறியா சிரிக்கிறியா?"

"சாம்பார்டி!" என்றேன்.

பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

புத்தகத்தை சார் மேசையில் வைத்தேன். புரட்டினார். வாயைப் பொத்திக்கொண்டு புரட்டினார். அப்புறம் முகம் மாறியது.

"பூரா கிறுக்கி வெச்சிருக்காரேம்மா. சேதம்னு போட்டா எடைக்குப் போயிடும்."

"அப்ப சேதம்னு போடாத சார். நம்ம புக்குக்கு மட்டும் இருக்கிற சேதிதான இது? அந்தக் கட்டம் எதுக்குக் கீது?"

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழைய வரியை அழித்தார். மெதுவாக அடித்தார்: "ஓரங்களில் உள்ளூர் வாசகர் ஏகாம்பரத்தின் பென்சில் குறிப்புகள் உள்ளன. பாதுகாக்கவும்."

"அவ்ளோதானா சார்? சாம்பாரப் பத்தி நான் ஒரு வார்த்த சொல்ல வாணாமா?"

"கன்னியம்மா, இது கவருமெண்டு கம்ப்யூட்டரு!"

"உண்மையத்தான போடச் சொல்றேன்!"

பெருமூச்சு விட்டுக்கொண்டு இன்னொரு வரி அடித்தார்: "சாம்பார் பற்றிய குறிப்பை அவர் மனைவி மறுக்கிறார்."

நாளைக்கு சிடியில் ஏறிப் போகிறது. யார் தேடினாலும் வரும்!

ஒன்றே ஒன்று கேட்கணும் மாமா. வத்தக்குழம்புப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறாய். ஆனால் பென்சில் படவே இல்லை. நீ கடைசியாக டூட்டிக்குப் போன அன்றைக்கு உனக்கு நான் கட்டிக் கொடுத்தது அதுதான்.

எப்படி இருந்துச்சு மாமா?