பச்சைக்குள் வர வேண்டும்

என் அப்பா வினாயகமூர்த்தி நாற்பது வருடம் வாவியில் வலை வீசியவர். கடைசி மூன்று மாதம் தோட்டம் செய்தார். அந்த மூன்று மாதமும் பயந்துகொண்டே இருந்தார். எதற்காகப் பயந்தார் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ளப் பிந்திவிட்டேன்.

எங்கள் ஊர் செட்டிபாளையம். நான் வந்தாறுமூலையில் மண் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை செய்கிறேன். காலை ஆறு மணி பஸ்ஸில் போனால் திரும்ப மாலை ஆறு மணியாகும். கணவர் உதயரூபன் கட்டாரில். அம்மா இல்லை. ஆகவே மகள் கம்சாயினியைப் பகல் முழுக்கப் பார்த்தவர் அப்பாதான். அவளுக்காகவே வாவிக்குப் போவதை நிறுத்தினார். குளிப்பாட்டுவார், ஊட்டுவார், கிளினிக்குக்குக் கொண்டுபோவார். தாய்மார் வரிசையில் அவர் ஒருவர் மட்டும் சாரத்தோடு நிற்பார்.

பத்தாவது மாதம் கம்சியின் நிறை ஆறு கிலோ அறுநூறு. பிள்ளைகளின் வளர்ச்சிப் புத்தகத்தில் நிறப்பட்டைகள் உண்டு. பச்சை என்றால் வயதுக்கேற்ற நிறை. அதற்குக் கீழே செம்மஞ்சள். அதற்கும் கீழே சிவப்பு. கம்சியின் புள்ளி முதல் தடவையாகச் செம்மஞ்சளில் விழுந்தது. குடும்பநல மாது றிஸ்லா மிஸ், பிள்ளை அடுத்த மாதத்துக்குள் பச்சைக்குள் வர வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். தராசிலிருந்து இறக்கிய பிள்ளை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. அப்பா புத்தகத்தின் பக்கத்தைப் பார்க்கவில்லை. சொல்லை மட்டும் கொண்டுவந்தார்.

அன்று மாலை, பிள்ளைக்குப் பச்சை காணாதாம், இன்னும் வேண்டுமாம் என்றார். நல்லதுதான், கீரை கொடுங்கள் என்றேன்.

அடுத்த நாளே வளவைக் கொத்தத் தொடங்கினார். பொன்னாங்காணி, பசளி, கங்குங், வேலியோரம் அகத்தி. முருங்கை ஏற்கெனவே நின்றது. எங்கள் கிணறு வாவிக்குக் கிட்ட இருப்பதால் உவர். நான் மண்ணும் தண்ணீரும் எடுத்துப்போய்ச் சோதித்தேன். உப்புக் கூடுதலாக இருந்தது. பாத்திகளை உயர்த்தச் சொன்னேன், சாணி போடச் சொன்னேன், ஊரின் உள்பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எடுக்கச் சொன்னேன். எல்லாம் செய்தார். இரண்டு கான்களில் தண்ணீர் தூக்கி வருவார். கீரை கறுத்த பச்சையாக எழும்பியது. எனக்கு அதில் பெருமை.

மண்ணைச் சோதித்தேன். பிள்ளையின் கிண்ணத்தைச் சோதிக்கவில்லை.

பதினோராவது மாதம் ஆறு கிலோ ஐந்நூறு. அப்பா இன்னும் இரண்டு பாத்தி போட்டார். பிள்ளை நித்திரையாக இருந்தால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பார். அவளுடைய மேற்கையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் வளைத்துப் பார்ப்பார். விரல் இரண்டும் முட்டினால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்.

அவருக்குக் காரணம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் நாங்கள் ஊரை விட்டு ஓடி ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்தோம். எனக்கு மூன்று வயது. தம்பி ரதீஸுக்குப் பதினொரு மாதம். அங்கே வெறும் கஞ்சிதான். தம்பி வற்றி வற்றிப் போனான். அவனைப் பற்றி அப்பா ஒரே ஒரு வசனம்தான் சொல்வார்: ஒரு இலை கூடக் கிடைக்காமப் போன பிள்ளை.

பன்னிரண்டாவது மாதம் நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். ஆறு கிலோ நானூறு. றிஸ்லா மிஸ் புள்ளியை வைத்தார். சிவப்பு தொடங்க ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது. பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அப்பா மனப்பாடம் சொல்வதுபோலச் சொன்னார்: காலையில் பொன்னாங்காணி அவித்து மசித்து, மத்தியானம் முருங்கை இலை, பின்னேரம் பசளிக் கஞ்சி, ஒவ்வொரு தரமும் கிண்ணம் நிறைய.

"சோறு?"

"நாலு வாய்."

"மீன், முட்டை?"

"வயிறு நிறைஞ்சிரும் மிஸ். பிறகு வாங்க மாட்டா."

"இவ்வளவு இலை குடுக்க ஆரு ஐயா சொன்ன?"

"நீங்கதானே. புள்ள பச்சைக்குள்ள வரணும் எண்டீங்க."

பின்னால் நின்ற பெண்ணொருத்தி, "ஆட்டுக்குட்டி வளக்காரு போல" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். றிஸ்லா மிஸ் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பி, அப்பாவின் சுட்டுவிரலைப் பிடித்துப் பட்டையின் மேல் வைத்தார்.

"இந்தப் பச்சை, ஐயா."

அப்பா விரலை எடுக்கவில்லை. மிஸ் பொறுமையாக விளக்கினார். கீரை வேண்டும்தான். ஆனால் பிள்ளையின் இரைப்பை அவளுடைய கைப்பிடி அளவு. அதை இலையும் தண்ணீரும் நிரப்பிவிட்டால் நிறை ஏற்றும் சாப்பாட்டுக்கு இடமில்லை. குழைந்த சோறு, தேங்காய்ப்பால், மீன், முட்டை, ஒரு கரண்டி எண்ணெய், அதோடு ஒரு பிடி கீரை. ஒரு மாதத்தில் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டும்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். வேலிப் படலையடியில் அப்பா நின்றார். உள்ளே ஆறு பாத்தியும் தெரிந்தன.

"அண்டைக்கு இலை இல்லாம ஒருத்தன் போனான்" என்றார். "இண்டைக்கு இலையால ஒருத்தி போகப் போறாளா மகள்?"

பிழை எனக்கும் பாதி என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவர் சமையல் மாறியது. விடியற்காலையில் துறைக்குப் போய், மீன் வாங்கி விற்கும் காத்தான்குடி உசனாரிடம் முள் குறைந்த மீனாகக் கேட்டு வாங்கி வருவார். முட்டைக்கு இரண்டு கோழி. கீரையில் இரண்டு பாத்தியை அழித்துப் பூசணியும் பயற்றையும் வைத்தார். வாரத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் போய் நிறுத்துப் பார்ப்போம் என்றேன். வேண்டாம் என்றார், வளர்கிற பிள்ளையின் நிறையை வாயால் சொன்னால் நாவூறு படுமாம். இதையெல்லாம் நம்பாதவள் நான். ஆனாலும் வற்புறுத்தவில்லை. உண்மையில் தராசைப் பார்க்க எனக்கும் பயம்.

அடுத்த கிளினிக்குக்கு ஒன்பது நாள் இருந்தபோது, ஒரு காலையில், பூசணிப் பாத்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பிள்ளை பக்கத்தில் பாயில் இருந்திருக்கிறாள். அவள் அழுத சத்தத்தில்தான் அயலவர்கள் வந்தார்கள். நான் அப்போது ஏறாவூரைத் தாண்டிக்கொண்டிருந்த பஸ்ஸில் இருந்தேன்.

அப்பா இறந்த எட்டாம் நாள் சடங்கன்று உசனார் வந்தார். முதலில் கேட்டது, பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவேனா என்றுதான். நாளைக்குத் திகதி, ஆனால் சாவுத் துடக்கு என்றேன். அப்பாவின் தங்கை மங்கையற்கரசி மாமி, முப்பத்தோராம் நாள் சடங்கு கழியாமல் பிள்ளையை வெளியே எடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தா. உசனார் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கட அப்பா ஒரு நாள் விட்டு ஒரு நாள், நீங்க வேலைக்குப் போன பிறகு, புள்ளையத் துறைக்குக் கொண்டு வருவார், மகள். சாரத்தில பொதிஞ்சு என்ட மீன் தராசுக் கொளுக்கியில தூக்குவம். 'உசனார், வாயத் திறந்திராத, நான் தராசு முள்ளை மட்டும் பாக்கன்' எண்டுவார்."

ஏறியதா என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டன் எண்டு வாக்குக் குடுத்த நான். நீங்க போய் நிறுங்க."

அவர் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நல்லதென்றால் சொல்லியிருப்பாரே என்று இரவெல்லாம் நினைத்தேன்.

மறுநாள் காலை மாமி படலையை மறித்தா. துடக்கு வீட்டுப் பிள்ளையை நாலு பிள்ளைகளுக்கு நடுவே வைக்கப் போகிறாயா என்று கேட்டா. ஏறாவிட்டால் ஆஸ்பத்திரி, அதைத் தெரியாமல் நான் இருபத்திரண்டு நாள் இருக்க மாட்டேன் என்றேன். மாமி விலகினா. கிளினிக்கில் கடைசி ஆளாக, தள்ளி நின்றேன். பிள்ளையைத் தராசில் வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். மில்லிகிராம் வரை நிறுப்பது என் தொழில்.

ஆறு கிலோ எண்ணூறு.

றிஸ்லா மிஸ் புள்ளியை வைத்துக் கோட்டை இழுத்தார். புள்ளி இன்னும் செம்மஞ்சளில்தான். கோடு மட்டும் மேலே திரும்பியிருந்தது. இப்படியே போனால் இரண்டு மூன்று மாதத்தில் பச்சை என்றார். பிறகு, ஐயா எங்கே என்று கேட்டார். சொன்னேன்.

திரும்பும் வழியில் துறைக்குப் போனேன். உசனாரிடம் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவர் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"இனிச் சொல்லலாம்" என்றார். "கடைசியாத் தூக்கினது அவர் மௌத்தாகின அண்டு விடியத்தான். முள்ளு ஆறரையத் தாண்டி நிண்டது. ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கல்ல. அவர் தலையை மட்டும் ஆட்டினார். புள்ளையத் தோளில போட்டுக்கிட்டு, பூசணிக்குத் தண்ணி ஊத்தணும் எண்டு போனார்."

அடுத்த கிளினிக் பதினாறாம் திகதி. இப்போது பிள்ளையின் கையை விரலால் வளைத்துப் பார்ப்பது நான். விரல் நுனிகள் இன்னும் முட்டுகின்றன. நேற்றுப் பார்த்தபோது கொஞ்சம் இறுக்கித்தான் முட்ட வைக்க வேண்டியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.