சூரை என்று வந்த செய்தி

கொரோனாக் காலத்தில் தொற்று வந்த என் கணவரைச் சுகாதாரப் பகுதியினர் சிகிச்சை நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். வாசல் படலையில் ஒரு கடதாசியை ஒட்டிவிட்டு, பதினான்கு நாட்கள் யாரும் வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது என்றார்கள். படலையைப் பூட்டிக்கொண்டு நானும் நாலு வயது மகளும் உள்ளே. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட அந்த வாடகை வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டின் பின்வளவு பற்றை மண்டிக் கிடந்தது. வெட்டுகிறேன் வெட்டுகிறேன் என்று சொல்லியே அவர் காலத்தைக் கடத்தியிருந்தார்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஈச்சிலம்பற்றுக் கிராமத்திலிருந்து கலியாணம் கட்டி வந்தவள். எங்களுக்குச் சாமான் வாங்கித் தந்தது அவள்தான். காலையில் மீன்காரர் வந்ததும் என்ன மீன் என்று வட்ஸ்அப்பில் ஒற்றைச் சொல் அனுப்புவாள். கீரி. பாரை. சாளை. சூரை. நான் ஓம் என்றால் பையைப் படலையில் கொழுவிவிட்டுப் போவாள். வெளியிலிருந்து எனக்கு வந்த கதை அவ்வளவுதான்.

ஆறாம் நாள் காலை மகள் பின்வளவிலிருந்து வாயைத் துடைத்தபடி வந்தாள். கையில் மிளகை விடக் கொஞ்சம் பெரிய, மினுங்கும் கறுத்த பழங்கள்.

"எத்தினை திண்டனி?"

"கனக்க."

மீனென்றால் வாலைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவேன். செடிகொடியில் நான் சுத்த சூனியம். அவசரத்துக்கென்று கடதாசியில் தந்திருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தால் ஓயாமல் வேறு அழைப்பில் இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் அந்தக் கடதாசி ஒட்டிய வீட்டுக்கு எந்த ஓட்டோ வரும்? ஒரு சொல்லும் எழுதாமல் பழத்தைப் படமெடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: சூரை.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. மதிலடிக்கு ஓடிக் கத்தினேன்: "பிள்ளை நஞ்சைத் திண்டுபோட்டு நிக்கிறாள், உங்களுக்கு மீனோ?"

"ஐயோ அக்கா, மீனில்லை! அந்தப் பழத்துக்குப் பேர்தான் சூரை. சின்னனில நாங்கள் மடி நிறையப் புடுங்கித் தின்னுறனாங்கள்."

"வடிவாத் தெரியுமோ?"

"படத்தில முள்ளு விளங்கேல்லை. கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கோ பாருங்கோ. பழத்துக்குள்ள ஒரு கொட்டைதான் கிடக்கோணும்."

பற்றைக்குள் கையை விட்டேன். முள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. இழுக்க இழுக்க இன்னும் மாட்டியது. வளைந்த முள்தான். பழத்தை நசித்தேன். ஒற்றைக் கொட்டை. அப்போதும் மனம் ஆறவில்லை. ஒரு கைப்பிடி பிடுங்கி வாயில் போட்டேன். புளித்தது. அவளுக்கு வருவது எனக்கும் வரட்டும் என்ற வெறி அது, வேறொன்றுமில்லை.

மத்தியானம்வரை அவளை மடியில் வைத்துக்கொண்டு மதிலடியில் இருந்தேன். நெற்றியைத் தொடுவேன், வயிற்றைத் தொடுவேன். அவள் விளையாட விடச் சொல்லிச் சிணுங்கினாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் செய்யவில்லை. நானும் தின்றதை அப்போதுதான் தங்கச்சிக்குச் சொன்னேன்.



"அக்கா, அது வேற பழமா இருந்து நீங்களும் விழுந்திருந்தால், பூட்டின படலையை ஆர் துறக்கிறது?"

எழும்பிப் போய் படலையின் மற்றச் சாவியை எடுத்து வந்து மதிலுக்கு மேலால் எறிந்தேன். எங்கள் வீட்டுப் பொருளை ஒருவரும் தொடாத நாட்கள் அவை. அவள் அதைக் குனிந்து எடுக்கும் சத்தம் கேட்டது.