களை மீன்

மீன்கள் செத்து மிதந்த காலையில் கண்மாய்க் கரையில் அப்பா இருந்தார். அம்மா கூடையோடு இருந்தாள். முழங்கால்வரை சேற்றோடு அண்ணன் நடுவில் நின்றிருந்தான். நான் இல்லை. மீன் வளர்க்கலாம் என்று சொன்னவன் நான்தான். ஆனால் அன்றைக்கு நான் மதுரையில், கோச்சடையில் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில் இருந்தேன்.

எங்கள் ஊர் திருவாதவூருக்குப் பக்கம். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என்னைவிட ஆறு வயது மூத்த அண்ணன் ஆடு மேய்த்தான், கூலிக்குப் போனான். நான் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தேன். வகுப்பில் எல்லாம் ஆங்கிலம். பக்கத்தில் உட்காருகிறவனிடம்கூட என்ன பேசுவது என்று தெரியாது. அறையை வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் சௌராஷ்டிர மொழியில் பேசிச் சிரிப்பார்கள். என்னிடம் தமிழில், "தண்ணி புடிச்சாச்சா?" என்பதோடு சரி. சில நாட்களில் அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் மட்டுமே நான் வாய் திறந்து பேசியதாக இருக்கும். சனிக்கிழமை ஆனால் பஸ் ஏறி ஊருக்கு ஓடுவேன். அண்ணனோடு பேசத்தான்.

இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு வந்த வறட்சிக் காலம் அது. ஊர்ப் பையன்கள் ஒவ்வொருவராகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணனும் கிளம்பத் தயாராக இருந்தான். அந்தச் சமயம் ஊர்க் கண்மாயின் மீன் குத்தகை ஏலத்துக்கு வந்தது. எடுக்கச் சொல்லி நான் நச்சரித்தேன்.

"மீன் நல்லா வந்துச்சுன்னா நான் எதுக்குடா போறேன்?" என்றான் அண்ணன்.

எனக்கு அது போதுமாக இருந்தது.

மீன்வளத் துண்டுப் பிரசுரம் ஒன்றை வாங்கி வந்து வீட்டில் உரக்க வாசித்தேன். கட்லா, ரோகு குஞ்சு விடுவதற்கு முன்னால் குரவை, விரால் போன்ற களை மீன்களை அழிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அவை குஞ்சுகளைத் தின்றுவிடும்.

"மீனுல ஏதுடா களை? அது என்ன கோரைப்புல்லா?" என்றார் அப்பா.

"விடுங்கப்பா, அம்புட்டும் படிச்சிட்டுத்தான் சொல்றான்" என்றான் அண்ணன்.

மடைப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அதில் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினோம். குரவைகள் வயிறு தெரியப் புரண்டன. ஐப்பசியில் பெய்த ஒரே மழைக்குக் கண்மாய் பாதி நிறைந்தது. ஐயாயிரம் குஞ்சு விட்டோம். அதன்பிறகு மழை இல்லை.

மாசியில் தண்ணீர் தொடை அளவுக்கு இறங்கியபோது, "இப்பவே வலையப் போட்ருவமா?" என்று அண்ணன் கேட்டான்.

"கால் கிலோகூடத் தேறலண்ணே. பங்குனி வரைக்கும் பொறு."

"தண்ணி சுடுதுடா."

"சூழலுக்குத் தக்கன தகவமைச்சுக்கும்ணே."

"அப்படின்னா?"

"பழகிக்கும்."

அவன் வலையை எடுக்கவில்லை. நான் சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது.

செய்தி தெரியாமலே அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாற்றம் வந்தது. மீன் செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. விடியற்காலையில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினவாம். கரையிலிருந்து பார்க்க மழைத்துளி விழுவதுபோல இருந்ததாம். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. அம்மா கூடை கூடையாக அள்ளிக் குழியில் போட்டிருந்தாள்.

அண்ணன் தண்ணீர் வற்றிய ஓரத்துச் சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையை வெளியே எடுத்தான். உள்ளங்கையில் ஒரு குரவை துள்ளியது. புண்ணாக்குக்கும் தப்பிய ஒன்று.

"தண்ணியே இல்லாமக் கெடக்கு. இது மட்டும் எப்படிடா சாகல?"

"செவுளுக்கு மேல தலைக்குள்ள ஒரு அறை இருக்கும்ணே. வெளிக்காத்த வாயால இழுத்து அதுல வச்சு மூச்சு விடும்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினேன். அந்த அறையைப் போன வருஷமே ரெக்கார்டு நோட்டில் வரைந்து, அம்புக்குறி போட்டு, சன்னா பங்டேட்டஸ் என்று அறிவியல் பெயரை அடியில் எழுதி, ஆசிரியரிடம் 'நன்று' வாங்கியிருந்தேன். கல்லூரிப் புட்டியில் அது ஃபார்மலினில் வெளிறிக் கிடக்கும். அம்மா புளி ஊற்றி வைக்கும் குரவைதான் அது என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தோன்றவில்லை.

"அப்ப இது ஒனக்குத் தெரியும்?"

"தெரியும்ணே."

"தெரிஞ்சுதான் புண்ணாக்குக் கரைக்கச் சொன்னியா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. குரவையைச் சேற்றிலேயே விட்டுவிட்டுக் கரையேறினான்.

தகவமைப்பு என்றால் பழகிக்கொள்வது என்று பரீட்சைகளில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அது பழகிக்கொள்வது அல்ல. கண்மாய் எத்தனையோ கோடைகளில் வற்றியது. காற்றைக் குடிக்க முடியாதவை அங்கேயே செத்தன. முடிந்தவை மிஞ்சிக் குஞ்சு பொரித்தன. அப்படித் தலைமுறை தலைமுறையாக மிஞ்சியவற்றின் பிள்ளைதான் குரவை. கட்லாவின் முன்னோர் வடக்கே பெரிய ஆறுகளில் இருந்தவை. ஒரு மாசிக்கும் பங்குனிக்கும் நடுவில் எந்த மீனும் தலைக்குள் புதிதாக ஓர் அறை கட்டிக்கொள்ளாது.

அடுத்த திங்களன்று அண்ணன் திருப்பூர் போனான். "வாரேன்டா" என்றான், அவ்வளவுதான். எனக்கு அதன்பிறகு சனிக்கிழமைகளில் ஊருக்குப் போகத் தோன்றவில்லை. அறையிலேயே இருந்தேன். மாதம் ஒருமுறை வீட்டுக்காரர் போனுக்கு அவன் கூப்பிடுவான். பேச்சுக்கு நடுவில் இருமுவான்.

"பஞ்சுத் தூசிடா. பழகிருச்சு."

வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பார். போனை வைத்துவிடுவேன்.

அவன் திரும்பி வரவில்லை. அங்கேயே கல்யாணம் முடித்துக்கொண்டான். குத்தகை, குஞ்சு, புண்ணாக்கு, தீனி, வண்டி வாடகை எல்லாமாக எங்கள் வீடு அந்தக் கண்மாயில் போட்டது இருபதாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். அப்பா மட்டும், அண்ணன் திருப்பூர் போன பஸ் டிக்கெட் அறுபத்தைந்தையும் சேர்த்து, இருபதாயிரத்து ஐநூற்றுப் பதினைந்து என்றுதான் சொல்வார்.