தூசியும் எங்களோடு சாப்பிடுகிறது

ஃபெலிசா மக்பனுவாவுக்கு வாய் நீளம் என்று எங்கள் ஊரே சொல்லும். நான் சொல்ல மாட்டேன். பனாய் தீவின் இந்த மூலையில் வாய் என்று ஒன்று இருந்தது அவள் ஒருத்திக்குத்தான். மற்றவர்களுக்கு அது சோறு போடுகிற ஓட்டை. அவளுடைய சாப்பாட்டுக் கடைக்கும் என் பெட்டிக்கடைக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான். அவள் பேசியதில் பாதியாவது தினமும் என் காதில் விழுந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்குப் பதக்கம் வாங்கியவள் அவள். உவமை, உருவகம், உயர்வு நவிற்சி என்று அங்கே படித்ததையெல்லாம் நாங்கள் தேர்வு முடிந்த அன்றே மறந்தோம், அவளுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. கடை வாசல் பலகையில், 'எங்கள் சூப் செத்தவரையும் எழுப்பும்' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தாள். அதற்காக யாரும் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. சூப் நன்றாக இருக்கும் என்று புரிந்துகொண்டு வந்தார்கள்.

பிறகு கல்குவாரி வந்தது. லாரிகள் எங்கள் வாசலை உரசிக்கொண்டு ஓடின. மூடி வைத்த குழம்பிலும் கல்மாவு மிதந்தது. அவளுடைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். குவாரி உரிமத்தைப் புதுப்பிக்க நகராட்சி மன்றம் விசாரணை வைத்தபோது, ஆட்சேபணை மனுவை ஊர் சார்பில் ஃபெலிசாதான் எழுதினாள். எழுதியதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டாள். அவளுக்குக் கீழே நாங்களும் போட்டோம்.

விசாரணையில் கம்பெனி வக்கீல் பாலாயோஸ் எழுந்தார். வெளியூர்க்காரர் இல்லை, பக்கத்து ஊரில் பிறந்தவர்தான். மனுவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"'எங்கள் மலையின் தலையை வெட்டிவிட்டார்கள்.' மலைக்கு ஏதும்மா தலை? 'தூசி எங்கள் மேசையில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது.' தூசிக்கு வாய் இருக்கா? சத்தியம் பண்ணின மனுவுல பொய் எழுதினா ஜெயில்னு தெரியுமா?"

உறுப்பினர்கள் சிரித்தார்கள். பொய் மனு என்று தள்ளுபடி செய்யுங்கள் என்றார் பாலாயோஸ்.

தலைமை வகித்த துணை மேயர் ஒசோரியோ அம்மாள் நல்லவர்தான். ஆனால் நல்லவர்களுக்கு எப்போதும் சமாதானம் வேண்டும். "ஃபெலிசா, அந்த ரெண்டு வரிய மட்டும் அடிச்சுக் குடுத்துடு. மிச்சத்த ஏத்துக்கறேன். சாப்பிட்டு வந்து சொல்லு."

தாழ்வாரத்தில் பொட்டலங்களைப் பிரித்தோம். "அடிச்சுத் தொலையேன்டி. வரி போனாப் போகுது, குவாரி நின்னாப் போதும்" என்றார்கள் கூட வந்தவர்கள்.

"அடிச்சா, பொய்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிடும். நாளைக்கு மிச்ச வரியும் பொய்ம்பான். அப்புறம் எதை வெச்சுக் குவாரிய நிறுத்துவீங்க?"

அப்போது பாலாயோஸ் அந்த வழியாக வந்தார். "வாங்க வக்கீல் சார், சாப்பிடலாம்" என்று சோற்றை நீட்டினாள் ஃபெலிசா. "நீங்க சாப்பிடுங்க, வயிறு நெறஞ்சிருக்கு" என்று சிரித்தபடி அவர் எதிரே இருந்த ஓட்டலுக்குள் நுழைந்தார். சோற்றைத் திறந்தால், எதிரே வருவது பகையாளியாக இருந்தாலும் நாங்கள் கூப்பிட்டே தீருவோம். கூப்பிட்டதற்காக யாரும் வந்து உட்கார மாட்டார்கள்.

மன்றம் மறுபடி கூடியது. ஃபெலிசா எழுந்தாள்.

"வக்கீல் சார், நான் சாப்பிடக் கூப்பிட்டேன். ஏன் வந்து உக்காரல?"

"அது மரியாதைக்குக் கூப்பிடறதும்மா."

"அப்ப நான் சொன்னது பொய்யா?"

"பொய்யில்ல. அது நம்ம வழக்கம்."

"வயிறு நெறஞ்சிருக்குன்னீங்க. அடுத்த நிமிஷம் ஓட்டல்ல உக்காந்தீங்க. உங்கள ஜெயில்ல போடலாமா?"

இந்த முறை நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"சொல்லுக்குள்ள மரியாதை இருந்தா உங்களுக்குப் புரியுது சார். வலி இருந்தா மட்டும் புரியமாட்டேங்குது."

"சட்டம் வேற, வழக்கம் வேற" என்றார் பாலாயோஸ். குரலில் பழைய ஜோர் இல்லை.

"கடைசியா கேக்கறேன். அடிக்கிறியா, இல்லையா?" என்றார் துணை மேயர்.

"மாட்டேன். இன்னொரு தடவை சத்தியம் பண்ணச் சொல்லுங்க, பண்றேன். நம்பலேன்னா ரெண்டு பேரும் என் கடைக்கு வாங்க. இது மரியாதைக்குக் கூப்பிடறது இல்ல."

துணை மேயர் மனுவை மடித்து வைத்துவிட்டு, நாளை மதியம் வருகிறேன் என்றார். அவர் வருகிறபோது வக்கீலால் தட்ட முடியவில்லை.

மறுநாள் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். நான் தகரச் சுவரோரம் நின்றேன். சுடுசோறு, காடியில் வற்றவைத்த மீன். எதையும் மூடாமல் பரிமாறினாள் ஃபெலிசா. இரண்டு வாய்கூட உள்ளே போயிருக்காது, லாரி வரும் சத்தம் கேட்டது. பாலாயோஸ் சட்டென்று இரண்டு கைகளாலும் தன் தட்டை மூடினார்.

"கைய எடுங்க சார். தூசிக்குத்தான் வாயே இல்லியே."

லாரி போனது. சோறு சாம்பல் நிறமானது. துணை மேயர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஃபெலிசா, ஒரு எழுத்து அடிக்க வேணாம். மனுவ அப்படியே ஏத்துக்கறேன்" என்று எழுந்தார்.

"உக்காருங்கம்மா" என்றாள் ஃபெலிசா. "தட்டக் காலி பண்ணிட்டு ஏத்துக்குங்க. நாங்க தினமும் காலி பண்றோம்."